மாமாவோடு பாராட்டு விழாவுக்குப் போனது

கொல்கத்தாவுக்கு நான்கு நாள் பயணமாகத்தான் போனேன். பவானிபூரில் ஒரு பழைய கிளப் தன் ஆண்டு விழாவில் முன்னாள் வீராங்கனைகள் ஒன்பது பேரைக் கௌரவிக்க இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அதே ஊரில் நடந்த நடைப் போட்டி ஒன்றில் எனக்கு இரண்டாம் இடம். முதலில் வந்தவள் அந்தக் கிளப்பின் பெண். என்னையும் பட்டியலில் சேர்க்க வைத்தது அவள்தான். "உன் காலடிச் சத்தம் பின்னாலேயே கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பயத்துலதான் ஜெயிச்சேன். நீயும் மேடையில இருக்கணும்" என்று தன் இந்தியில் போனில் சொன்னாள்.

நடைப் போட்டி என்றால் பலருக்குச் சிரிப்புத்தான் வரும். இடுப்பை ஆட்டிக்கொண்டு போவதுதானே என்பார்கள். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். இரண்டும் எழும்பினால் அது ஓட்டம். நடுவர் வெளியே அனுப்பிவிடுவார். அப்படிப் பத்து கிலோமீட்டர். அது இருபத்திரண்டு வயதில். பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, இரண்டு பிள்ளைகள், வலது மூட்டில் ஒரு அறுவை சிகிச்சை. இப்போது ஓட முடியாது. ஆனால் விடியற்காலையில் ஒரு மணி நேரம் நடக்காவிட்டால் எனக்கு அன்றைய நாள் தொடங்குவதில்லை.

லேக் மார்க்கெட்டில் என் நாத்தனார் வீடு. கணவரின் அக்கா. மூன்றாவது மாடி. பக்கத்திலேயே ஏரி. அதைச் சுற்றி தினமும் நடப்பதாகத்தான் என் திட்டம்.

முதல் நாள் காலை ஐந்து மணிக்குக் காலணியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மரக்கதவைத் திறந்தால் வெளியே இழுத்து மூடும் கம்பிக் கதவு, அதில் பெரிய பூட்டு. சாவி எங்கும் இல்லை. சத்தம் கேட்டு நாத்தனார் எழுந்து வந்தார்.

"எங்கம்மா கிளம்பிட்டே?"

"ஏரிக்குத்தான் அக்கா. ஆறரைக்குள்ள வந்துடுவேன்."

"மெதுவா பேசு. இந்தக் கேட் சத்தம் கேட்டா மாமா எழுந்துடுவாரு. அப்புறம் அவரை உள்ள நிறுத்தவே முடியாது."

மாமா என்றது அவருடைய மாமனாரை. எண்பத்தொரு வயது. கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவர். வேலையை விட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும், மறதி நோய் வந்தபின் தினமும் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இரண்டு முறை தொலைந்துபோய், ஒரு முறை போலீஸ் வண்டியில் வீட்டுக்கு வந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் பூட்டு. நாத்தனாரின் கணவருக்கு ஹைதராபாதில் வேலை; இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு ஆயா. அவரை எல்லோரும் மாசி என்றுதான் கூப்பிட்டார்கள். மாசி லோக்கல் ரயிலில் வந்து சேர ஏழரை ஆகும். வந்ததும் நாத்தனார் அலுவலகத்துக்கு ஓட வேண்டும்.

நான் காலணியைக் கழற்றினேன்.

மாசி வந்தபிறகாவது போகலாம் என்று பார்த்தால் மழை பிடித்துக்கொண்டது. நாத்தனார் கம்பிக் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டு, மாசியின் கைக்கு இன்னொரு சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். "நீங்க திறந்தா தாதுவும் வருவார்" என்று, தாத்தாவைத் தன் வங்காளத்தில் தாது ஆக்கி, மாசி தன் இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டார்.

வீட்டின் நடுவே சமையலறையிலிருந்து முன்னறை வரை ஒரு நீளமான நடைவழி. எண்ணினேன். பதினாறு எட்டு நீளம். போய் வந்து, போய் வந்து நடக்கத் தொடங்கினேன். பத்தாவது தடவை திரும்பியபோது மாமா பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கையில் பழைய ஃபைல்.

"கப்பல் உள்ள வந்தாச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல மாமா."

"அப்ப டயம் இருக்கு" என்று கூடவே நடந்தார். நல்ல நடை. முதுகு வளையாத நடை. ஒவ்வொரு தடவையும் முன்னறைக்கு வந்ததும் கம்பிக் கதவை ஒரு உலுக்கு உலுக்கிப் பார்ப்பார். திறக்காது. திரும்பி நடப்பார். நாலைந்து உலுக்கலுக்குப் பிறகு என்னால் பார்க்க முடியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அவர் உட்காரவில்லை.

இரண்டாம் நாளும் அப்படியே. மாலையில் கணவருக்குப் போன் செய்து, "ஒரு ஹோட்டலுக்குப் போயிடவா?" என்று கேட்டேன். "அக்கா என்ன நினைப்பா? நாலு நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு எப்போதுமே உடம்பு எரியும். ஜன்னல் கம்பி வழியே கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மழையில் நனைந்தபடி வேலை செய்தவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

மூன்றாம் நாள் விழா. மாலை நான்கு மணிக்கு. முந்தின ராத்திரி மழை விடியும்வரை விடாமல் கொட்டி, ரயில் நின்று, மாசி வரவில்லை. நாத்தனாருக்கு அலுவலகத்தில் தணிக்கை. லீவு போட முடியாது.

"ரெண்டு மணிக்கு நான் வீட்டுல இருப்பேன். நீ நிம்மதியா கிளம்பு. அதுவரைக்கும் மாமாவைப் பார்த்துக்கோ" என்றார். தினமும் மாசியிடம் கொடுக்கும் சாவியை என்னிடம் கொடுத்து, "தீ, கீன்னு ஏதாவது ஆனா மட்டும் திற" என்றும் சொன்னார்.

இரண்டேகாலுக்குப் போன் வந்தது. அவர் அலுவலகம் இருக்கும் பக்கம் முழங்கால் தண்ணீர். வண்டி எதுவும் ஓடவில்லை. "அஞ்சு மணிக்கு முன்னால வரமுடியாதும்மா. தப்பா எடுத்துக்காதே" என்றார்.

பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாளாகச் சாவி இல்லாமல் அடைபட்டிருந்தேன். இப்போது சாவி கையில் இருந்தும் அதேதான். மாமா கதவை உலுக்கினார். நான் எழுந்தேன்.

"மாமா, டியூட்டிக்குப் போலாமா?"

அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்ததும் என் பொய் எனக்கே உறைத்தது. ஆனாலும் பூட்டைத் திறந்தேன். நாத்தனாரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்.

ஆட்டோ இல்லை, ஆப்பிலும் வண்டி கிடைக்கவில்லை. பெரிய சாலையில் தண்ணீர் வடிந்திருந்தது. நடந்தோம். தெருவில் தண்ணீர் கிடந்ததால் பட்டுப்புடவைக்குக் கீழே நடைக் காலணிதான் போட்டிருந்தேன். பந்தல் மூங்கில் நடைபாதையை அடைத்துக்கொண்ட இடங்களில் ஒருவர் பின் ஒருவராக நுழைந்து போனோம். மாமா வழியிலிருந்த ஒவ்வொரு கடையையும் சரிபார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே வந்தார். முக்கால் மணி நேரம் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மூன்று நாளில் எனக்கு மூச்சு சரியாக வந்தது அப்போதுதான்.

கிளப் கூடத்தில் அவள், முதலிடக்காரி, ஓடிவந்து கட்டிக்கொண்டாள். தலை முழுக்க நரைத்திருந்தாள். மாமாவை முன்வரிசையில் அவளுடைய அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் வங்காளத்தில் மாமாவோடு உடனே பேச ஆரம்பித்துவிட்டார். அவரும் நன்றாகப் பதில் சொன்னார். துணிந்து மேடை ஏறினேன்.

ஒன்பது நாற்காலி, ஒன்பது பெண்கள். நீச்சல்காரி, கபடிக்காரி, ஈட்டி எறிந்தவள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுத் தோளில் உத்தரியம் போர்த்தி, கையில் பூங்கொத்தும் மிட்டாய்ப் பெட்டியும் கொடுத்தார்கள். என் முறை வந்தபோது கூட்டத்துக்கு நான் யாரென்று தெரியாமலே நன்றாகத்தான் தட்டினார்கள். பிறகு சிறப்பு விருந்தினர் பேசத் தொடங்கினார். பெண்கள் தடைகளை உடைத்து வெளியே வர வேண்டும் என்றார். பூவையும் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு, அசைந்தால் மரியாதை இல்லை என்று, சிலைபோல் உட்கார்ந்திருந்தேன். கண் மட்டும் மாமா மேல்.

பேச்சு முடிந்து, புகைப்படத்துக்காக எங்களை நெருங்கி உட்காரச் சொன்னார்கள். தங்கையைப் படம் பிடிக்க அந்த அக்காவும் எழுந்து போனைத் தூக்கிப் பிடித்தார். அவருக்குப் பின்னால் மாமாவின் நாற்காலி காலியாக இருந்தது.

மேடையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. வாசலில் டீக்கடைக்காரரிடம் கேட்டேன். ஃபைல் வைத்திருந்த பெரியவரா, கிடர்பூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார், ஹாஸ்ரா முனைக்குப் போகச் சொன்னேன் என்று கை காட்டினார்.

ஓட மூட்டு விடாது. நடந்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கையை மடக்கி, இடுப்பைச் சுழற்றி, முப்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த அந்த நடை. தோளில் உத்தரியம் வேறு. ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். எனக்கு நாத்தனாரின் முகம்தான் கண்முன் நின்றது. ஒருமுறை போலீஸ் கொண்டுவந்து விட்டது. இந்த முறை யார் கொண்டுவருவார்கள்?

முனையில் பஸ் நின்றது. மாமா ஒரு காலைப் படியில் வைத்திருந்தார். கண்டக்டர் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தார். சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தேன்.

"லேட் பண்ணிட்டீங்களே. பஸ்ஸை எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கிறது?" என்றார் மாமா.

"இன்னிக்கு துறைமுகம் லீவு மாமா. நோட்டீஸ் போட்டிருக்காங்க."

"யார் கையெழுத்து?"

"நீங்கதான் போட்டிருக்கீங்க."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் காலைக் கீழே வைத்தார். அவர் முழங்கையைப் பிடித்த பிடியை வீடு வரும்வரை நான் விடவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது நாத்தனார் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நாலரைக்கே வந்துவிட்டாராம். காலி வீட்டைப் பார்த்துவிட்டு, எனக்குப் பதினோரு தடவை போன் செய்திருக்கிறார். என் போன் மேடையில் பையோடு கிடந்தது. மாமாவை உள்ளே அழைத்துப்போய்ச் சட்டையை மாற்றிவிட்டு வந்துதான் பேசினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா அக்கா? மூணு நாளா மூச்சு முட்டுது எனக்கு."

"உனக்கு மூணு நாள்" என்றார். "எனக்கு ஆறு வருஷம்."

அவர் போனிலிருந்து என் நம்பருக்கு அடித்து, எடுத்தவர்களிடம் வீட்டு விலாசத்தைச் சொன்னேன். பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போக முதலிடக்காரி வந்தாள். விழாப் படத்தையும் காட்டினாள். எட்டுப் பெண்கள், ஒரு காலி நாற்காலி, அதன் மேல் என் பூங்கொத்து. நாத்தனார் அந்தப் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "என்னால உனக்கு இதுவும் போச்சு" என்றார். அப்போதுதான் அவர் அழுதார்.

மறுநாள் மதியம் எனக்கு ரயில். காலை ஐந்து மணிக்கு அவரை எழுப்பினேன். "நான் மாமாகிட்ட இருக்கேன். நீங்க ஏரிக்குப் போய்ட்டு வாங்க."

"நானா? எனக்கு ஷூ கூட இல்லியே."

என் காலணியைக் கொடுத்தேன். ஒரு அளவு பெரிது. முனையில் பழந்துணி அடைத்தோம். நைட்டியை மாற்றிச் சல்வார் போட்டுக்கொண்டு, இரண்டு முறை உள்ளே வந்து மாமாவைப் பார்த்துவிட்டு, வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு இறங்கினார். அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு முந்தின மூன்று நாளைவிட நீளமாக இருந்தது. மாமா எழுந்து, கதவை எட்டு முறை உலுக்கினார். எட்டாவது முறை, "யார் என்னை உள்ள வச்சிருக்காங்க?" என்று தெளிவாகக் கேட்டார். காபி கலந்து கொடுத்தேன்.

நாத்தனார் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "ஒரு சுத்துன்னுதான் நினைச்சேன். திரும்பி வர மனசே வரலை" என்றார். அப்படிச் சொன்னதற்காக உடனே வெட்கப்பட்டு, மாமாவின் தட்டில் இட்லி வைக்கப் போய்விட்டார்.

ஊருக்கு வந்தபிறகு வாரம் ஒருமுறை அவரிடம் பேசுகிறேன். அதற்கு முன்பெல்லாம் தீபாவளிக்கு ஒருமுறை பேசுவதோடு சரி. நடக்கப் போனீர்களா என்று கேட்பேன். இன்னும் இரண்டாவது தடவை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைக்கு இன்னொரு ஆயாவைத் தேடுகிறார். கிடைத்தவர்கள் ஒரு வாரம் நிற்பதில்லை. "பார்க்கலாம்மா" என்பார். பின்னால் கம்பி உலுக்கும் சத்தம் போனில் கேட்கும்.