பென்சிலால் எழுதிய பக்க எண்

என் ஆய்வின் முதல் அத்தியாயத்தை என் மேற்பார்வையாளர் வாசிக்கவில்லை. என்னையே உரத்து வாசிக்க வைத்தார். அறையில் வேறு மாணவர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு வசனம் முடியவும் "இத யார் சொன்னது?" என்று கேட்டார். நான் ஓர் இணையத்தளத்தைச் சொன்னேன். "அவருக்கு யார் சொன்னது?" இன்னொரு தளத்தைச் சொன்னேன். "அவருக்கு?" மூன்றாவதாகச் சொல்ல வாயெடுத்த தளம் முதலாவதைப் பார்த்து எழுதியது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இது ஆய்வு இல்ல பிள்ளை, கல்முனைச் சந்தை. ஒருத்தன் கூவுறத மற்றவனும் கூவுறான்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த என் குடித் தம்பியும் சிரித்தான்.

குடித் தம்பி என்றால் யாரென்று வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கரையோர முஸ்லிம் ஊர்களில் எல்லோருக்கும் ஒரு குடி உண்டு. அது உம்மா வழியாக வருவது. வாப்பா எந்தக் குடியாக இருந்தாலும் உம்மாவின் குடிதான் பிள்ளைக்கு. ஒரே குடிக்குள் கலியாணம் பேசமாட்டார்கள். ஆகவே ஒரே குடியில் பிறந்த ஆணும் பெண்ணும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. சொந்தத் தம்பி இல்லாத எனக்கு இப்படி ஒரு தம்பி; அவனுக்கு நான் ராத்தா, அதாவது அக்கா. பல்கலைக்கழகத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளர், நிரந்தர வேலைக்குக் காத்திருப்பவன், நல்ல வாயுள்ள பிள்ளை. என் முதுதத்துவமாணி (எம்.ஃபில்) ஆய்வின் தலைப்பும் இந்தக் குடி முறைதான். அல்லாஹ்வுக்கு என்னோடு விளையாட விருப்பம் போல.

பாண்டிருப்புக்காரரான என் மேற்பார்வையாளர் அன்று என்னை அவமானப்படுத்தியதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன வழி சரியான வழி. "நெட்டில தேடினா நெட்டில உள்ளதுதான் வரும். லைப்ரரிக்குப் போம்," என்றார். போனேன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து முடித்ததும் பஸ் ஏறி, மூடும்வரை நூலகத்தில் இருந்தேன். இணையத்தில் 'குடி' என்று தேடினால் குடிப்பழக்கத்தை நிறுத்தும் மருந்து விளம்பரம்தான் முன்னால் வந்து நிற்கும். நூலகத் தரவுத்தளத்திலோ அந்தச் சொல்லால் ஒன்றுமே வராது. அங்கே எங்களுக்கு வேறு பெயர். 'சோனகர்' என்று ஒரு தலைப்பு, 'தாய்வழி மரபு' என்று இன்னொன்று, 'பள்ளிவாசல் நிர்வாகம்' என்று மற்றொன்று. எங்களை எந்தப் பெயரில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே பல வாரம் போனது. பிறகு வாசல் திறந்தது. ஒரு கட்டுரையின் கடைசியில் உள்ள நூற்பட்டியலைப் பிடித்துப் பின்னால் போனால் அதைவிடப் பழைய கட்டுரை கிடைக்கும். அதை யார் யார் பிறகு எடுத்தாண்டார்கள் என்று முன்னால் வந்தால் புதியது கிடைக்கும். இந்த வேலையில் எனக்கு ஒரு வெறியே பிடித்துவிட்டது. சோற்றுப் பார்சலைத் திறக்க மறந்து வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்த நாட்களும் உண்டு.

எல்லாக் கட்டுரைகளும் சுட்டியது ஒரு பழைய கட்டுரையை. வெள்ளைக்காரன் காலத்துச் சஞ்சிகை ஒன்றில் வந்தது, இணையத்தில் இல்லை, எங்கள் நூலகத்திலும் இல்லை. கண்டிப் பக்கத்து நூலகம் ஒன்றில் இருந்தது. மாப்பிள்ளை, என் புருஷன், கட்டாரில் வேலை. தனியாகப் போகிறேன் என்றதும் உம்மா வாயைத் திறந்தா.

"ஊர் கதைக்கும் மகள். அவனக் கூட்டிட்டுப் போ. நம்மட குடிப் புள்ளதானே, ஆர் என்ன சொல்லப் போறாங்க?"

தம்பி வந்தான். பஸ்ஸில் எனக்கு யன்னலோரம் தந்தான், மஹியங்கனையில் இறங்கித் தேத்தண்ணி வாங்கித் தந்தான். நூலகத்தில் அவன் உள்ளே வரவில்லை. "எனக்குத் தூசு ஒத்துக்காது ராத்தா," என்று சொல்லிவிட்டு, கன்டீனில் போனோடு உட்கார்ந்துகொண்டான்.

அந்த அறைக்குள் போனுக்கும் பேனைக்கும் அனுமதியில்லை. வெறும் பென்சில் மட்டும். பல வருடத்துச் சஞ்சிகைகளை ஒன்றாகக் கட்டி ஒரே தொகுதியாக வைத்திருந்தார்கள், செங்கல் கனம். நான் குனிந்த தலை நிமிராமல் எழுதினேன். விரல் மடங்க மறுத்தது. ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் தாளின் மேல் மூலையில் இருந்த எண்ணைப் பக்க எண்ணாகக் குறித்தேன். அது அச்சு எண் அல்ல, கட்டிய தொகுதிக்கு எவரோ ஒருவர் பென்சிலால் போட்ட தொடர் இலக்கம் என்பதை நான் கவனிக்கவில்லை. உண்மையான எண் அடியில், மங்கிப்போய் இருந்தது.

திரும்பி வரும் வழியில் தம்பி என் விரல்களைப் பார்த்தான். "ராத்தா, அதுகள என்னட்டத் தாங்க. நான் டைப் பண்ணித் தாறன். உங்களுக்கு என்னத்துக்குக் கஷ்டம்?"

கொடுத்தேன். வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் யோசித்திருப்பாள். எங்கள் பக்கத்தில் ஒரே குடிப் பிள்ளையிடம் 'இது என் உழைப்பு, கவனம்' என்று சொல்வது அவன் உம்மாவுக்கு ஏசியதற்குச் சமம். அவன் சொன்னபடியே அழகாக டைப் பண்ணித் தந்தான், ஒரு பிழை இல்லாமல். என் பிழையையும் பிழையில்லாமல் டைப் பண்ணியிருந்தான்.

பிறகு எங்கள் நூலகத்தின் மூலமே அந்தக் கட்டுரையின் ஸ்கேன் பிரதி ஒன்றைக் கேட்டு எடுத்தேன். சும்மா, சரிபார்க்க. அதில் அடியில் இருந்த அச்சு எண் பளிச்சென்று தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு என் எண்களையெல்லாம் திருத்தினேன். தம்பிக்குச் சொல்லவில்லை. அவனுக்கு அது எதற்கு என்று நினைத்தேன்.

அவனுக்கு எதற்கு என்பது பல்கலைக்கழகத்து ஆய்வரங்கில் தெரிந்தது. நான் பின்வரிசையில் பணிஸ் தின்றுகொண்டிருந்தேன். மேடையில் அவன், என் தலைப்பு, என் பழைய கட்டுரை, என் வசனங்கள். ஆரம்பிக்கும்போது, "நூலக வேலையில எனக்கு உதவி செய்த ராத்தா ஒருத்தர் இங்க இருக்கிறாங்க, அவங்களுக்கு நன்றி," என்றான். முன்வரிசை திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. வாயில் இருந்த பணிஸை விழுங்க முடியாமல் நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் என் கழுத்தை நானே திருக வேண்டும் போலிருக்கிறது.

அவன் கட்டுரை அச்சிலும் வந்தது. அதன் பிறகுதான் நான் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். பல்கலைக்கழகம் அதை ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் போட்டது. மென்பொருளுக்குக் குடியும் தெரியாது, தம்பியும் தெரியாது. முந்தி வெளிவந்தவன் சொந்தக்காரன், பிந்தி வந்தவள் கள்ளி. என் அத்தியாயம் முழுக்கச் சிவப்பு. விசாரணை வைத்தார்கள். களவென்று முடிவானால் பட்டம் இல்லை, பதிவும் ரத்து.

தம்பி ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். அவன் என் போனை எடுக்கவே இல்லை.

விசாரணைக்கு முந்தின நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் குடி மரைக்கார் வீட்டுக்கு வந்தார். குடியின் சார்பில் பள்ளிவாசலில் கதைப்பவர் அவர், உம்மாவுக்குக் கூடப்பிறந்தவர், எனக்கு மாமா. கதிரையில் இருந்து, ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"மகள், அவன்ட நோட்ஸப் பார்த்து எழுதிட்டன் எண்டு சொல்லிடு. அவ்வளவுதான்."

"நான் ஏன் மாமா பொய் சொல்லணும்?"

"அவனுக்கு வேலை நிரந்தரமாகப் போகுது. கலியாணமும் பேசி முடிஞ்சிட்டு. பொண்ணு வீட்டார் லெக்சரர் மாப்பிள்ளைக்கெண்டு வீடு கட்டுறாங்க. உனக்கு ஸ்கூல் வேலை இரிக்கி, புருஷன் இரிக்கார். இந்தப் பட்டத்த வச்சி என்ன செய்யப் போறாய், ஊறுகாய் போடவா?"

"அது என்ட."

"அப்ப சரி," என்று மாமா எழுந்தார். "இந்த வீட்டு நல்லது கெட்டதுக்குக் குடி வராது. அதையும் உன்ட ஆய்வில எழுதிக்க."

அவர் போனதும் உம்மா என் பக்கம் நிற்பா என்று நினைத்தேன். என்னைப் படிக்க வைக்க வாப்பாவோடு சண்டை பிடித்தவ அவதான். உம்மா கட்டிலில் இருந்துகொண்டு என்னைப் பார்க்காமலே கேட்டா.

"எனக்கு ஆம்புளப் புள்ள இரிக்கா?"

"இல்ல உம்மா."

"நான் மௌத்தானா என்ட மையத்த ஆர் தூக்கப் போறாங்க? குடிப் புள்ளயள்தானே? குடி வராட்டி உன்ட பொத்தகமா வந்து தூக்கும்?"

உம்மா விடவில்லை. "கள்ளி எண்டு சொன்னாச் சொல்லட்டும் மகள். நம்மட புள்ளக்காகத்தானே," என்றா. நம்மட புள்ள என்று அவ சொன்னது என்னை அல்ல.

விசாரணை அறையில் துறைத் தலைவர், என் மேற்பார்வையாளர், தம்பி, நான். தம்பி இஸ்திரி போட்ட சேர்ட்டில் வந்து, "ராத்தா," என்று மரியாதையாகத் தலையசைத்தான். மேற்பார்வையாளர் அவனிடம் அந்தப் பழைய கட்டுரையை எங்கே பார்த்தீர் என்று கேட்டார்.

"நெட்டில எடுத்தன் சேர்."

"நெட்டில இல்லையே."

"இல்ல சேர், கண்டியில. ராத்தாவோட போய்ப் பார்த்தன்."

"பக்க எண்ணெல்லாம் பார்த்து எழுதினதா?"

"ஓம் சேர். அச்சில இருந்தத அப்படியே எழுதினன்."

நான் ஸ்கேன் பிரதியையும் என் பழைய பென்சில் குறிப்பையும் மேசையில் வைத்தேன். அவன் கட்டுரையில் காட்டிய எண்களெல்லாம் நானூற்றுக்கு மேல். அந்தச் சஞ்சிகை இதழில் மொத்தமாகவே நூறு பக்கம் இல்லை. அந்த எண்கள் உலகத்தில் இரண்டே இடத்தில்தான் இருந்தன: கட்டிய தொகுதியின் மேல் மூலையில், என் பழைய குறிப்பில். "தம்பி, அது அச்சு இல்ல, பென்சில்," என்றேன். "தொட்டுப் பார்த்திருந்தா விரல்ல ஒட்டியிருக்கும். கன்டீன்ல ஒட்டாது."

அவன் முகம் கறுத்ததை நான் ஆசைதீரப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அவன் "ராத்தா" என்று மெதுவாகக் கூப்பிட்டான். நான் துறைத் தலைவரைப் பார்த்து, அடுத்த பிழையான எண்ணைக் காட்டினேன். அதற்கடுத்ததையும் காட்டினேன். போதும் என்று அவர் சொன்ன பிறகும் மிச்சத்தையும் காட்டினேன்.

வெளியே வந்ததும் மேற்பார்வையாளர் வாழ்த்துவார் என்று பார்த்தேன். "கெட்டித்தனம் எண்டு நினைச்சிராதேயும்," என்றார். "உம்மட பிழைதான் உம்மைக் காப்பாத்தினது. முதல்லயே ஒழுங்கா எழுதியிருந்தா இன்றைக்கு நீர்தான் கள்ளி."

எனக்குப் பட்டம் கிடைத்தது. அவனுக்கு வேலை போனது. வீடு கட்டியவர்கள் வேறு மாப்பிள்ளை தேடினார்கள். சந்தையில் மீன் வாங்கப் போனால் குடிப் பெண்கள் என் முகத்தைப் பார்க்காமல் என் மீனைப் பார்த்தார்கள். உம்மா ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தா. உப்பு இருக்கா, கேட் பூட்டியா, அவ்வளவுதான். பட்டமளிப்புப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினேன். அவ அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்ததேயில்லை. கேட்டுப் பார்த்தேன், சண்டை பிடித்தேன், ஒரு நாள் காலைப் பிடித்து அழுதும் பார்த்தேன். "நான் செய்தது சரியெண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கும்மா," என்றேன். "சரி பிழை எனக்கென்ன தெரியும், நான் படிச்சவளா?" என்றா.

அந்த வார்த்தையைச் சொல்லாமலே உம்மா மௌத்தாகிப் போனா.

காலையில் செய்தி சொல்லி அனுப்பினேன். மாமா வருவாரா, குடி வருமா என்று தெரியாது. பெண்கள் உள்ளே உம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் முதலாவதாக வந்து நின்றவன் தம்பி. அவனுக்குப் பின்னால் மாமா, பின்னால் குடி முழுவதும். அவன் யாரிடமும் கேட்காமல் கதிரைகளை எடுத்துப் போட்டான். மையத்தைச் சுமக்கும் சந்தூக்கு வந்ததும் முன்கால் பக்கம் போய் நின்றான். தூக்குவதற்கு முன் மகன் சொல்ல வேண்டியதை, மகன் இல்லாத இடத்தில் நின்று, உரத்துச் சொன்னான்.

"மௌத்தானது என்ட உம்மா மாதிரி. அவங்க ஆருக்காச்சும் ஏதாச்சும் குடுக்க இரிந்தா என்னட்ட வந்து கேளுங்க. நான் பொறுப்பு. அவங்களுக்கு மாப்புச் செய்யுங்க, மன்னிச்சிருங்க."

ஆண்கள் எல்லோரும் மாப்புச் செய்தோம் என்றார்கள். நான் கதவுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆண் பிள்ளை இல்லாத தாய்க்காகக் குடியில் நெருங்கிய ஆண் இப்படி நின்று பொறுப்பேற்பான் என்று என் ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். மூன்று ஆதாரம் காட்டியிருக்கிறேன், பக்க எண் எல்லாம் சரி.

தோளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெரு முனையில் திரும்பும்வரை அவன் தோளை மாற்றவில்லை. உம்மா பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை, அவவைத் தூக்க ஊரே வந்தது.

உம்மா எனக்குத் தர வேண்டிய வார்த்தை ஒன்று இருந்தது. அதை அவனிடம் போய்க் கேட்க முடியாது.