தனியே நின்ற கார்

சென்ற வாரம் ஒருநாள் காலையில் கடையைத் திறந்து, ஜெராக்ஸ் இயந்திரத்தின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். விழுப்புரத்திலிருந்து ஏழுமலை அண்ணனின் மகள் மல்லிகா அழைத்தாள். "அத்த, அப்பா போய்ட்டாரு" என்றாள். டீ கேட்டிருக்கிறார். போட்டுக்கொண்டு வருவதற்குள் நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

திண்டிவனம் கார் ஸ்டாண்டில் இன்று நிற்கும் இளம் டிரைவர்களுக்கு ஏழுமலை அண்ணனைத் தெரியாது. தெரிந்த பழைய ஆட்கள் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

1993ஆம் ஆண்டு, போலியோவால் கால் சூம்பிப்போன எனக்கு ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. ஸ்டாண்டுக்கு எதிரே சிறிய அறை ஒன்றில் உட்கார்ந்தேன். அதே ஆண்டுதான் அண்ணனும் வெள்ளை அம்பாசிடர் ஒன்றுடன் அங்கே வந்து சேர்ந்தார். ஒலக்கூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லையைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவர். டிரைவர்கள் எவரிடமும் அப்போது போன் கிடையாது. சவாரி கேட்பவர்கள் என் பூத்துக்குத்தான் பேசுவார்கள். நான் சாலையைத் தாண்டிக் குரல் கொடுப்பேன்.

ஸ்டாண்டிலேயே அதிகம் சிரித்தவர் அவர்தான். வேக வைத்த மல்லாட்டையை மடியில் கொட்டிக்கொண்டு காரின் முன்பக்கம் சாய்ந்து நின்றால், சுற்றிலும் ஆட்கள் கூடிவிடுவார்கள். கல்யாணச் சவாரி என்றால் முதலில் அவரைத்தான் கேட்பார்கள். பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் இறக்கிவிடும்போது, அழுகிற பெண்ணிடம் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவார்.

அதெல்லாம் எய்ட்ஸ் பற்றிய பயம் எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பு.

நெடுஞ்சாலை ஊர் எங்களுடையது. லாரிகள் நிற்கும், போகும். அந்த நோயைப் பற்றிச் சுவரெல்லாம் எழுதிப் போட்டார்கள். எப்படி வரும் என்று எழுதியதைவிட, வந்தால் மரணம் என்று எழுதியதுதான் மக்கள் மனத்தில் நின்றது. கொசு கடித்தால் வரும், வியர்வை பட்டால் வரும், டீக்கடை கிளாசில் வரும் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். முடிவெட்டப் போகிறவர்கள் சட்டைப்பையில் சொந்த பிளேடு கொண்டு போனார்கள். ஒருவர் இளைத்துப் போனாலே ஊர் அவரை ஒரு மாதிரி பார்த்தது.

அந்த நாட்களில்தான் மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு பெண் தன் கணவனை நடத்திக் கூட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தாள். அவள் பெயர் செங்கேணி. கணவன் கடலுக்குப் போவதை விட்டு லாரியில் கிளீனராகப் போனவன். தாம்பரத்துப் பக்கம் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். பஸ்ஸில் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். ஸ்டாண்டில் ஒவ்வொரு காராகக் கேட்டாள். ஒவ்வொருவரும் வேறு சவாரி இருப்பதாகச் சொன்னார்கள். அண்ணன் பின்கதவைத் திறந்துவிட்டார்.

அதன் பிறகு அந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் எங்கெங்கிருந்தோ என் பூத்துக்குப் பேசத் தொடங்கினார்கள். செஞ்சியிலிருந்து, விழுப்புரத்திலிருந்து, பேர் சொல்லாமல், குரலைத் தாழ்த்தி, "அந்தக் காரு இருக்குதாங்க?" என்பார்கள்.

"அந்தக் கார்" என்றே அதற்குப் பெயராகிவிட்டது. கல்யாணச் சவாரிகள் நின்றன. டீக்கடையில் அவருக்கென்று ஒரு கண்ணாடி கிளாஸைத் தனியாக ஆணியில் மாட்டினார்கள். பிறகு ஒருநாள் டிரைவர்கள் கூடிப் பேசி, வண்டியை வரிசையில் விட வேண்டாம், தள்ளி நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சண்டை போடுவார் என்று நான் பயந்தேன். அவர் வண்டியை எடுத்து, ரயில்வே கேட் பக்கமிருந்த பூவரச மரத்தடியில் நிறுத்தினார். என்னிடம் மட்டும், "அவுங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குதில்ல ஜெயந்திம்மா. பயப்படறாங்க, பாவம்" என்றார்.

என் பூத்தில் அவர் பேசிவிட்டுப் போனால் அடுத்தவர் ரிசீவரைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் காதில் வைப்பார். சிலர் அடுத்த தெரு பூத்துக்கே போய்விட்டார்கள். அண்ணன் அதைக் கவனித்துவிட்டார். அப்புறம் உள்ளே வருவதில்லை. வாசலில் நின்றே, "எதுனா போன் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார். நான் கூப்பிட்டாலும் வர மாட்டார்.

மல்லிகாவுக்கு அப்போது பிரம்மதேசத்தில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயமும் ஆகியிருந்தது. பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் நேரத்தில் அவர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அண்ணன் நேரில் போனார். மாப்பிள்ளையின் அப்பா வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினாராம். "அந்தத் தொழில வுட்டுடுங்க. ஊரு கொஞ்சம் மறக்கட்டும். அப்புறம் பாக்கலாம்." அண்ணி சரோஜா இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைசியில் அண்ணன் என்னிடம் வந்து, "இனிமே அந்த ஆஸ்பத்திரி சவாரி கேட்டா நான் இல்லன்னு சொல்லிடும்மா" என்றார்.

சொன்னேன். கேட்டவர்கள் சரிங்க என்று வைத்துவிட்டார்கள். மரத்தடியில் கார் தூசி படிந்து நின்றது. ஆனாலும் வேறு சவாரிக்கு ஒருவரும் அழைக்கவில்லை. அண்ணன் உள்ளே உட்கார்ந்து எதிரே பார்த்துக்கொண்டிருப்பார்.

மழைக்காலம் தொடங்கிய சமயம், ஆஸ்பத்திரி வாசலில் இருந்து செங்கேணி பேசினாள். கணவன் இறந்துவிட்டான். ஊருக்குக் கொண்டுபோக ஒரு வேனும் வர மாட்டேன் என்கிறது. "அண்ணன் வராதுன்னு சொன்னாங்க. நீங்க ஒரு வார்த்த கேட்டுப் பாருங்கக்கா" என்றாள். நான் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தேன்.

கேட்டதும் அண்ணன் வண்டியைக் கிளப்பி நேரே வீட்டுக்குப் போனார். போகட்டுமா என்று மல்லிகாவிடம் கேட்டார். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாளாம். நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னதை அண்ணன் பல வருஷம் என்னிடம் சொல்லிச் சொல்லி மகிழ்வார். "என்ன இன்னாத்துக்குக் கேட்டுக்கினு நிக்கற? அந்தம்மா அங்க பொணத்த வச்சிக்கினு ஒண்டியா நிக்குது. ஜல்தி போப்பா."

போனார். உடலைப் பின்சீட்டில் கிடத்தி, செங்கேணியை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு கடலோரம் வந்தார். குப்பத்து எல்லையில் ஆட்கள் நின்றார்கள். உள்ளே கொண்டுவர வேண்டாம், எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார்கள். அடிக்க வரவில்லை, கையெடுத்துக் கும்பிட்டுத்தான் சொன்னார்களாம். சவுக்குத் தோப்புக்கு அப்பால் மணலில் அண்ணனும் செங்கேணியின் தமையனும் குழி தோண்டினார்கள். தூக்குவதற்கு மூன்றாவது ஆள் இல்லாமல் செங்கேணியே காலைப் பிடித்தாள்.

மறுநாள் அண்ணன் பூத் வாசலில் வந்து நின்றார். நடந்ததைச் சொன்னார்: "எல்லாம் முடிஞ்சதும் அந்தம்மா என் கையவே பாத்துக்கினு இருந்துச்சு. பக்கத்துல கொடத்துல தண்ணி இருந்துச்சு. நான் கழுவறனான்னு பாக்குதுன்னு தெரிஞ்சிது. நான் கழுவல ஜெயந்திம்மா. அப்பிடியே வந்து ஸ்டியரிங்கப் புடிச்சிட்டேன்."

பிரம்மதேசத்துச் சம்பந்தம் அத்துடன் முடிந்தது. மல்லிகாவுக்குச் சில ஆண்டுகள் கழித்து விழுப்புரத்தில், லேத்துப் பட்டறை வைத்திருந்த நல்ல மனிதர் ஒருவருடன் திருமணம் நடந்தது. சொந்தக்காரர்கள் அதிகம் வரவில்லை. பந்தியில் இலைகள் மிஞ்சின. அண்ணன் மரத்தடிக்கே திரும்பினார். குரலைத் தாழ்த்திப் பேசுகிறவர்களுக்கு மீண்டும் வண்டி ஓட்டினார்.

பின்னர் காலம் மாறியது. மாத்திரைகள் வந்தன. அரசு ஆஸ்பத்திரிகளில் பக்கத்திலேயே கொடுத்தார்கள். நோயாளிகள் பஸ்ஸில் போய் வந்தார்கள், வேலைக்குப் போனார்கள், பிழைத்தும் இருந்தார்கள். ஊரில் பயம் எப்படி வந்ததோ அப்படியே, சொல்லிக்கொள்ளாமல் கரைந்தது. ஒருநாள் ஸ்டாண்டுக்காரர் ஒருவர் போய், "இன்னும் இன்னா அங்க? வரிசைல வந்து நில்லுண்ணே" என்றார். மன்னிப்பு என்று ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் சிரித்து, "இங்க நெழலு நல்லா இருக்குதுப்பா" என்று சொல்லிவிட்டார். என்னிடம் வேறு விதமாகச் சொன்னார். "நாலு பேரோட நின்னு பேசறது மறந்துபோச்சும்மா. வாய்ல வார்த்த வர மாட்டேங்குது."

அது உண்மை. ஒரு காலத்தில் ஸ்டாண்டையே சிரிக்க வைத்த மனிதர், பின்னாளில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவராகிவிட்டார். அண்ணி இறந்த பிறகு காரை விற்றுவிட்டு மகளிடம் போனார். பேரப்பிள்ளைகள் நடுவிலும் ஜன்னலோர நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார் என்று மல்லிகா சொல்வாள். மாதத்துக்கு ஒரு முறையாவது என்னை அழைப்பார். நலம் விசாரித்து முடித்ததும், பூத் போய் ஜெராக்ஸ் கடையாகிவிட்டது என்று தெரிந்திருந்தும், கேட்பார்: "யாருனா என்னக் கேட்டாங்களாம்மா?"

இல்லை அண்ணா என்பேன். "நல்லது. கேக்காம இருந்தா எல்லாரும் நல்லா இருக்கறாங்கன்னு அர்த்தம்" என்பார்.

நான் பஸ் பிடித்து விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் தெருக்காரர்களும் மருமகனின் பட்டறை ஆட்களும் மட்டும் இருந்தார்கள். மல்லிகா அவருடைய செல்போனில் இருந்த எண்களுக்கெல்லாம் செய்தி சொல்லியிருந்தாள். பெயர்கள் இல்லாத எண்கள். சாலையின் எதிர்ப்பக்கம் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். நல்ல சட்டை போட்ட ஒருவர், பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண், வயதான தம்பதி. ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. மருமகன் போய், நீங்கள் யார், உள்ளே வாருங்கள் என்று அழைத்தார். "தெரிஞ்சவங்கதான்" என்றார் சட்டைக்காரர்.

உடலை எடுத்தபோது அவர்கள் சாலையைக் கடந்து வந்தார்கள். ஒவ்வொருவராக அவர் பாதத்தைத் தொட்டார்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வண்டி தெருமுனை திரும்பியதும், வந்தது போலவே, தனித்தனியாக, வெவ்வேறு திசையில் நடந்துபோனார்கள்.

அண்ணா, உங்களைக் கேட்டு வந்தார்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள்.