கேட்டோம் என்று சொன்னவர்கள்

போன வாரம் ஒரு காலைநேரம். அஜ்மானிலிருந்து ஷார்ஜா தொழில்பேட்டைக்குக் கவிதாவின் காரில் போய்க்கொண்டிருந்தேன். கவிதா என் பக்கத்து ஃபிளாட். பெட்ரோல் பாதி என்னுடையது, பேச்சு முழுக்க அவளுடையது.

கார் ஸ்பீக்கரில் போன் மணி. கனடாவிலிருந்து அவள் தம்பி செந்தில். அங்கே டிரக் ஓட்டுகிறான். டூட்டி முடிந்து படுக்கப் போகுமுன் அக்காவைக் கூப்பிடுவான்.

"எப்படிக்கா இருக்க?"

"நல்லா இருக்கேன். இங்க வெயில் ஜாஸ்தி. அங்க குளிரா? சரி, வெச்சுடறேன்."

அவ்வளவுதான்!

சில வாரமாக இப்படியேதான். இவளா? தம்பி கூப்பிட்டால் காலை நாஷ்டாவில் தொடங்கி மாமியார் வரைக்கும் வந்து, கம்பெனி கேட்டில் வண்டியை நிறுத்திய பிறகும் "இரு இரு, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்பவள். அன்று பொறுக்காமல், சண்டையா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினாள். நான் விடுகிற ஆளா?

"போன்ல பேசவே பயமா இருக்குக்கா..." என்று தொடங்கினாள்.

விஷயம் இதுதான். செந்தில் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி ஏதோ கடத்தலில் மாட்டிக்கொண்டார். அவரிடம் வண்டி ஓட்டியவன் என்பதால், கோர்ட் அனுமதி வாங்கி, சில மாதங்கள் இவன் போனையும் போலீஸ் ஒட்டுக் கேட்டிருக்கிறது. இவன் மேல் வழக்கு எதுவும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு போலீஸ்காரர் இரண்டு பேர் அவன் வீட்டுக்கே வந்து, "உங்கள் பேச்சைக் கேட்டோம்" என்று முறைப்படி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அதான் முடிஞ்சுபோச்சே, அப்புறம் என்ன?"

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க? அந்த மாசங்கள்லதான் என் வீட்டுக்காரருக்கு வேலை போச்சு. ஊர்ல அம்மாகிட்டகூட மூச்சு விடல. அவன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். சொல்லிச் சொல்லி அழுதேன். அதையெல்லாம் யாரோ உக்காந்து கேட்டிருக்காங்க!"

அவள் கண் கலங்கியது. கார் ஓட்டும்போது அழாதே தாயே என்று டிஷ்யூவை நீட்டினேன்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. கவிதாவின் வீட்டுக்காரருக்கு ராஸ் அல் கைமாவில் ஒரு செராமிக்ஸ் ஃபேக்டரியில் வேலை கிடைத்து ஒரு மாதமாகிறது. "அதையாவது தம்பிகிட்ட சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினாள். அக்கா கஷ்டத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவன் அங்கே தவிக்கிறான். இவள் இங்கே வானிலை அறிக்கை வாசிக்கிறாள்.

மனது கேட்கவில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் நெட்டில் துழாவினேன். கனடாவில் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வருகிறது. ஒட்டுக் கேட்க எத்தனை முறை அனுமதி கேட்டார்கள், எத்தனை முறை கிடைத்தது, எத்தனை பேர் கைதானார்கள்... எல்லாம் பார்லிமென்ட் முன் வைத்தாக வேண்டும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஷார்ஜாவில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே நான் படிக்கவில்லையா?

திருடனைப் பிடிக்கப் போலீஸ் எல்லா ஊரிலும்தான் போன் கேட்கிறது. கேட்காமல் எப்படிப் பிடிப்பது? ஆனால் கேட்டவர்களே வந்து "கேட்டோம்" என்பதும், அந்தக் கணக்கை ஊரறிய வைப்பதும்... நினைக்க நினைக்க நெஞ்சு நிறைந்தது. இந்தச் சட்டத்தை எழுதிய முகம் தெரியாத மனிதர்களுக்கு, கை கழுவுகிற இடத்தில் நின்று ஒரு கும்பிடு போட்டேன். பக்கத்தில் நின்ற பாகிஸ்தானி பாய், என்ன ஆச்சு என்று பதறி, "க்யா ஹுவா?" என்றார்.

மாலை டிராஃபிக்கில் கவிதாவுக்குப் படித்துக் காட்டினேன். ஓர் இடத்தில் படிப்பதை நிறுத்தச் சொன்னாள்.

"கேட்டோம்னு எத்தனை பேர்கிட்ட சொன்னாங்கங்கிற கணக்கும் இருக்கா?"

"இருக்கு. உன் தம்பி அடுத்த அறிக்கையில வருவான். பேர் இருக்காது. எண்ணிக்கையில ஒருத்தன்."

"சொல்லணும்னு சட்டம் இல்லேன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காதுல்ல?" என்றாள். திடீரென்று என் பக்கம் திரும்பினாள். "அக்கா... நாங்க தமிழ்ல பேசினோமே, எப்படிப் புரிஞ்சிருக்கும்?"

"யாராவது தமிழ்ப் பிள்ளையை உக்கார வெச்சு இங்கிலீஷ்ல மாத்தியிருப்பாங்க."

"ஐயோ! எங்க மாமியார் கதை இங்கிலீஷ்லயும் போயிடுச்சா!"

பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை. அதே ரோடு, அதே மணி, அதே செந்தில். அவன் "எப்படிக்கா" என்று தொடங்குவதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

"டேய், இரு. முதல்ல லைன்ல வேற யாராவது இருந்தா அவங்களுக்கு வணக்கம். என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைச்சிடுச்சுங்க. அன்னிக்கு நான் அழுததைக் கேட்டவங்க இனிமே கவலைப்பட வேண்டாம்."

அந்தப் பக்கம் செந்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "நிஜமாவாக்கா?" என்றான்.

அதன் பிறகு நாஷ்டா, சம்பளம், மாமியார் எல்லாம் வரிசையாக வந்தன. நாங்கள் திரும்ப வேண்டிய எக்ஸிட்டும் வந்தது, தாண்டியும் போனது. நான் வாயே திறக்கவில்லை... பேசட்டும், டூட்டிக்கு லேட்டானால் என்ன?