செல்லம்மாவின் இடது பக்கம்

நடந்ததில் முதல் குற்றவாளி நான்தான். என் அண்ணன் மகள் மகிமாவைச் செல்லம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனது நான். அன்றைக்கு நடந்தது நல்லதா கெட்டதா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

செல்லம்மா முகத்துவாரக்குப்பத்துக்காரி. எண்ணூர்க் கழிமுகத்தில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பாள். பிடித்ததைப் போட ஓலைப் பறி ஒன்று. அதன் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பாள். அதனால் வேலை நேரத்தில் பேச முடியாது. கரையேறியதும் அடக்கிவைத்த பேச்சு அத்தனையையும் என் மளிகைக் கடை வாசலில் கொட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்பில் கட்டி வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். ஆறு மாதத்தில் மறுபடி தண்ணீரில் இறங்கிவிட்டாள், கெட்டிக்காரி. ஆனால் ரவிக்கைக்குள் பழைய துணியைச் சுருட்டி வைத்துக்கொள்வாள். அவள் புருஷன் குமாரவேலுக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. குளிக்கும்போது விளக்கை அணைத்துவிடுவதாக ஒருநாள் சொன்னாள். இதற்கு நான் என்ன ஆறுதல் சொல்ல? உளுந்து வேண்டுமா என்று கேட்டேன்.

மகிமா சிற்பம் படித்தவள். இறால் பிடிக்கும் பெண்களின் உடம்பைக் கழிமுகத்துச் சேற்றாலேயே செய்து, தண்ணீர் ஏறும்போது கரைய விடப்போவதாகச் சொன்னாள். உடம்பு மண், கரைவது இயற்கை, அதை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டுமாம். இதை எங்கள் சபைப் போதகர் வருஷா வருஷம் சும்மாவே சொல்கிறார் என்றேன். அவள் சிரிக்கவில்லை. நானும் செல்லம்மாவிடம் போய், உன்னை மாதிரியே சேற்றில் பொம்மை செய்யப்போகிறாள் என்று மட்டும் சொன்னேன். கரைக்கிற கதையைச் சொல்ல மறந்துவிட்டேன்.

தண்ணீர் வற்றிக் கிடந்த ஒரு காலையில், உடைந்த படகுப் பலகை மேல் மகிமா வேலையை ஆரம்பித்தாள். கழுத்திலிருந்து இடுப்பு வரை. செல்லம்மா எதிரே உட்கார்ந்திருந்தாள். ரவிக்கைக்குள் இருப்பது துணி என்று மகிமாவுக்கு எப்படித் தெரியும்? இரண்டு மார்பையும் அழகாக வைத்துவிட்டாள். சொல்லலாமா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டே நின்றேன். செல்லம்மா அந்த உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மகிமா சந்தோஷமாகச் சொன்னாள், இன்னும் அரைமணியில் தண்ணீர் வந்து இதை எடுத்துக்கொண்டு போய்விடும் என்று. செல்லம்மா எழுந்துவிட்டாள்.

"இன்னா கண்ணு சொல்ற? கடல்ல போயி பாடி கெடைக்காதவனுக்குத்தான் நாங்க மண்ணுல ஆள் பண்ணி அலைக்குக் குடுப்போம். எங்க அண்ணனுக்கு அப்படித்தான் பண்ணோம். நான் உசுரோட கீறேனே."

உடனே கலைத்துவிடுகிறேன் என்று மகிமா கையை நீட்டினாள். கலைக்காதே என்றாள் செல்லம்மா. அப்படியே விடட்டுமா என்றால் அதுவும் வேண்டாம். பலகையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு மகிமா மேல் கோபமா, என் மேல் கோபமா, ஒன்றும் பிடிபடவில்லை.

திடீரென்று செல்லம்மா என் பக்கம் திரும்பினாள். "யக்கா, ஆஸ்பத்திரில எட்த்தாங்களே, அத்த இன்னா பண்ணியிருப்பாங்க?"

எரித்திருப்பார்கள் என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

"என் கண்ணுல காட்டவேயில்லக்கா. நான் கெடச்சிட்டேன். அதுதான் கெடைக்கல."

மகிமா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். செல்லம்மா குனிந்து, உருவத்தின் இடது மார்பை இரண்டு கையாலும் அடியோடு வழித்து எடுத்தாள். தண்ணீர் விளிம்பில் கொண்டுபோய் வைத்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, சாவு வீட்டில் அழுகிற மாதிரி வாய்விட்டு அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஒரு கைப்பிடிச் சேற்றுக்கு அழுகிறோமே என்றும் இருந்தது. அந்தச் சேறு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

பள்ளமாகிவிட்ட இடத்தை என்ன செய்வது என்று மகிமா தயங்கித் தயங்கிக் கேட்டாள். செல்லம்மா அவளை விலக்கிவிட்டு, தானே உள்ளங்கையால் அதைத் தடவித் தட்டையாக்கினாள். ரொம்ப நேரம் தடவினாள். அதற்குள் தண்ணீர் பலகையைத் தொட்டுவிட்டது. இனி விட்டுவிடலாமே ஆன்ட்டி, கரையட்டுமே என்று மகிமா மெதுவாகச் சொன்னாள். பாவம், அவள் வந்ததே அதற்குத்தானே.

"இது நானு. என்னை மேல தூக்குங்க."

மகிமா ஒரு முனையைப் பிடித்தாள், நான் மறுமுனையை. செல்லம்மா பின்னாலிருந்து தள்ளினாள். சேற்றில் பலகை நகரவே மறுத்தது. முழங்கால் வரை தண்ணீர் வந்த பிறகும் நாங்கள் விடவில்லை.