மூன்றாவது கோடு

“ஒண்ணு” என்று சொல்லிக்கொண்டே மரியபுஷ்பம் மானிட்டரின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இழுக்கிறார். பினாங்கில் கடை வைத்திருக்கும் கூத்தாநல்லூர்க்காரர் பக்கீர் முகம்மது, பகடைக் கட்டையில் ஏதோ தில்லுமுல்லு நடக்கிறது என்று அரட்டைப் பெட்டியில் எழுதிவிட்டார். ஒரு நாளில் மூன்று தடவை கட்டையைக் குறை சொன்னால், அன்றைக்கு ஆட்டம் கிடையாது. மூன்றாவது கோடு விழுந்ததும் ஒரு பொத்தான், ஆள் வெளியே. “கட்டையைக் கம்ப்யூட்டர் உருட்டுது. நானா உள்ள போயி உக்காந்து உருட்டுறேன்?” என்கிறார் என்னிடம், நான்தான் புகார் கொடுத்தவன் போல.

திருவிடைமருதூர் ரயிலடிக்குப் போகும் சாலையில் அவருடைய பிரவுசிங் சென்டர். நான்கு கணினிகள். மூன்று, வருகிறவர்களுக்கு; நான்காவது, அவர் இணையத்தில் நடத்தும் ஆட்டக் கிளப்புக்கு. அதில் வேறு யாரும் உட்கார முடியாது, கணவர் சகாயராஜ் உட்பட. அவர் ஜெராக்ஸ், லேமினேஷன் வேலையோடு ஒதுங்கிக்கொண்டார். பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்ப வருகிறவர்களை அம்மையார் ஆட்டத்தை விட்டுக் கண்ணெடுக்காமலே மேய்ப்பார். “அப்பா பேருக்கு இனிஷியல் போடாதீங்க சார், விரிச்சு எழுதுங்க. திருப்பி அனுப்பிட்டான்னா மறுபடி எங்கிட்டதான் வந்து நிப்பீங்க.” என்னிடமும் இதைச் சொன்னவர்தான். அப்படித்தான் எனக்குப் பழக்கம்.

ஆட்டத்தின் பெயர் பேக்கேமன். ஆளுக்குப் பதினைந்து காய், இரண்டு கட்டை. எதிராளி வெட்டாமல் எல்லாக் காயையும் வீடு சேர்த்து வெளியே எடுக்க வேண்டும். தாயம் ஆடத் தெரிந்தவர்களுக்கு அரைமணி நேரத்தில் பிடிபட்டுவிடும். மரியபுஷ்பம் இதைக் கற்றது குவைத்தில். பன்னிரண்டு வருஷம் அங்கே ஒரு லெபனான் நாட்டு வயதான அம்மாளைப் பார்த்துக்கொண்டார். “அந்தம்மாவுக்கு மருந்து குடுக்கணும்னா முதல்ல நான் ஒரு ஆட்டம் தோக்கணும். நாலாவது வருஷம் ஜெயிக்க ஆரம்பிச்சேன் பாருங்க, அந்தக் கோவத்துல மருந்தை அதுவே எடுத்துக் குடிச்சிருச்சு!”

ஊர் திரும்பியதும் கைவிரல் நமநமத்திருக்கிறது. இலவச விளையாட்டுத் தளம் ஒன்றில் தனி அறை பிடித்து, ‘காவேரி கிளப்’ என்று பெயரும் வைத்துவிட்டார். முப்பத்தோரு பேர். ஷார்ஜாவில் லாரி ஓட்டுகிறவர், சிங்கப்பூரில் வெல்டர், யாழ்ப்பாணத்தில் ஒரு வாத்தியார். பாதிப் பேருக்கு இங்கே கும்பகோணத்தைச் சுற்றித்தான் வீடு. அரட்டையில் ஆட்டத்தைவிட ஊர்ச் சேதிதான் அதிகம் ஓடும். சம்பா மூழ்கிவிட்டதா, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, யார் மகளுக்கு நிச்சயம் என்று எல்லாம். ஞாயிறு மாலை ஏழரைக்குப் போட்டி. யார் ஊரில் அப்போது மணி என்ன என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து, அவரவருக்கு அவரவர் நேரத்தைச் சொல்லிவிடுவார். கால் மணி தாமதம் என்றால் தோற்றதாகக் கணக்கு. ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு நானே ஒரு முறை அப்படித் தோற்றேன். ஆறு வாரத்துக்கு ஒரு கோப்பை. கோப்பை என்று பேர்தானே தவிர, பரிசு அரைக் கிலோ கும்பகோணம் காபித்தூள், தபாலில்.

2012 தீபாவளி முடிந்து வந்து சேர்ந்தவர் ஓர்ஹான். துருக்கியில் இஸ்மிர் என்ற ஊர்; கப்பலில் சமையல் செய்து ஓய்வு பெற்றவர், அரட்டையில் அரைகுறை இங்கிலீஷில் எழுதுவார். மரியபுஷ்பத்துக்கு அவர் ‘துருக்கி பாய்’. ஜெயித்துக்கொண்டே கட்டையைத் திட்டுகிற ஒரே மனிதர். தினமும் சரியாக இரண்டு கோடு வாங்குவார், அதோடு நிறுத்திக்கொள்வார். மூன்றாவது அவருக்கு விழுந்ததே இல்லை. “விவரமான ஆளு” என்பார் மரியபுஷ்பம், வாய்கொள்ளாத சிரிப்போடு.

அடுத்த மார்ச், கடைசி ஞாயிறு. இறுதி ஆட்டம், துருக்கி பாய்க்கும் பக்கீருக்கும். ஏழரை ஆயிற்று, ஏழே முக்கால் ஆயிற்று, பாயைக் காணோம். காபித்தூள் பினாங்குக்குப் போனது. மறுநாள் காலை அரட்டையில் பாய் கொதித்திருந்தார்: ‘நீங்கள் சொன்ன நாலு மணிக்கே வந்தேன். முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். ஒருவரும் இல்லை.’ மரியபுஷ்பத்துக்குச் சுருக்கென்றது. அவர் நோட்டில் நம் ஏழரைதான் அவர்களுக்கு நாலு மணி. அந்த நேரத்தில் மரியபுஷ்பம் இதே நாற்காலியில்தான் இருந்தார். ‘பொய் சொல்கிறீர்கள்’ என்று முப்பது பேர் பார்க்க எழுதினார். இரண்டு வாரம் அவருக்குக் கிளப் கதவையும் சாத்தினார்.

இரண்டு வாரம் முடிந்தும் பாய் வரவில்லை. ஏழு மாதம் வரவில்லை. “கோவக்காரன், வந்தா வரட்டும்” என்பார். ஆனால் பட்டியலில் அந்தப் பெயரை எடுக்கவும் இல்லை.

அக்டோபர் கடைசி ஞாயிறு காலை, அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் அக்கா மகள் ஜாய்ஸிடமிருந்து போன். “ஒரு மணி நேரம் கூடத் தூங்கினேன் சித்தி. இன்னைக்குக் கடிகாரத்தைப் பின்னாடி வச்சுட்டாங்க.”

“எந்தக் கடிகாரத்தை?”

“எல்லாத்தையும்தான். நாடு முழுக்க. மார்ச்சுல முன்னாடி வைப்பாங்க, அக்டோபர்ல பின்னாடி.”

“அடிப்பாவி! துருக்கியிலயுமா?”

அப்போது அங்கேயும்தான். இறுதி ஆட்டத்தன்று காலையில்தான் இஸ்மிரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியிருக்கிறார்கள். பாயின் நாலு மணி அன்று நமக்கு ஆறரை. மனிதர் சொன்ன சொல் தவறாமல் வந்து, காலி அறையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார். குவைத்திலும் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை. இவருக்கு எங்கே தெரியும்! “நேர்மையான மனுசனைப் பொய்யன்னுட்டேனே” என்று என்னிடம் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

அன்றைக்கே எல்லோருக்கும் எழுதினார். பாய் சொன்னது நிஜம், தப்பு என்னுடையது, அவருக்குப் போட்ட இரண்டு வாரம் இனி எனக்கு. கிளப் சாவியை, அதாவது பாஸ்வேர்டை, பக்கீரிடம் கொடுத்துவிட்டு நான்காவது கணினிக்குத் துணி போட்டு மூடினார். பாய் முன்பு கொடுத்திருந்த முகவரிக்கு ஒரு கடிதமும் அரைக் கிலோ காபித்தூளும் போயின. பக்கீர் ஆட்சியில் கிளப் சந்தைக்கடை ஆனது. யாருக்கும் கோடு இல்லை, எல்லோரும் கட்டையைத் திட்டினார்கள். சகாயராஜ் மட்டும், “பதினஞ்சு நாளா வீட்டுல நேரத்துக்குச் சோறு கிடைக்குது. தண்டனையைக் கொஞ்சம் கூட்டப்படாதா?” என்று என் காதில் போட்டார்.

தண்டனை முடிந்த அடுத்த ஞாயிறு நான் போயிருந்தேன். வெளியே ஐப்பசி போய்க் கார்த்திகை மழை. சுவரில் புதிதாக ஒரு கடிகாரம், அடியில் ‘இஸ்மிர்’ என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய அட்டை. அதில் நாலாக இரண்டு நிமிஷம். மரியபுஷ்பம் கதவையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார், ஏதோ பாய் பஸ்ஸில் வந்து இறங்கப்போகிறவர் மாதிரி.

திரையில் பெயர் வந்தது. “வந்துட்டாருங்க!” என்று அவர் கத்தியதில் சகாயராஜ் ஜெராக்ஸைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார்.

‘காபி வந்தது’ என்று எழுதினார் பாய். ‘எங்கள் காபி இன்னும் நன்றாக இருக்கும்.’ மன்னிப்பு, மார்ச் மாதம் எதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. நேராக ஆட்டம், மரியபுஷ்பத்தோடேயே. முதல் உருட்டலிலேயே, ‘கட்டை மோசம்.’ ஒரு கோடு. இவர் அவருடைய காயை வெட்டினார். ‘கட்டை திருட்டுக் கட்டை.’ இரண்டு கோடு. பிறகு காயை மட்டும் நகர்த்தினார். எனக்கு மூச்சு வந்தது.

கடைசியில் மரியபுஷ்பத்துக்கு இரட்டை ஆறு விழுந்தது. பாய்க்குப் பொறுக்கவில்லை. ‘இந்தக் கட்டையும் உங்கள் கடிகாரமும் ஒன்று!’

நாங்கள் மூவரும் அந்த வரியைப் பார்த்தோம். வாழ்க்கையிலேயே முதல் முறையாகப் பாய்க்கு மூன்றாவது. “சட்டம்னா சட்டம்தான்” என்றார் சகாயராஜ், பக்கத்தில் நின்றுகொண்டு.

மரியபுஷ்பம் சாக்பீஸை எடுத்தார். முந்தானை நுனியால் முதல் கோட்டை அழுத்தித் துடைத்தார். பிறகு, துடைத்த இடத்திலேயே மூன்றாவதைப் போட்டார்.