அத்தி பூத்த சனிக்கிழமை

மதுரையில் ரயில் ஏறினால் ஒரு பொட்டலம் வேர்க்கடலையைக் கொறித்து முடிப்பதற்குள் சோழவந்தான் வந்துவிடும். அந்தத் தூரத்தைக் கடந்து வர என் சித்தப்பாவுக்கு, அதாவது அப்பாவின் தம்பிக்கு, மாதக்கணக்கில் ஆகும். மதுரையில் ஒரு மில்லில் அவருக்கு வேலை. ஏன் வரவில்லை என்று கேட்டால் ஷிப்டு என்பார், ஓவர்டைம் என்பார். அவர் வாசலில் வந்து நின்றதும் அம்மா வாயிலிருந்து முதலில் வருவது, "வாங்க தம்பி, என்ன அத்தி பூத்தாப்புல வந்திருக்கீக?" என்பதுதான். சித்தப்பாவும் ஈயென்று பல்லைக் காட்டிக்கொண்டு உள்ளே வருவார்.

நான் அப்போது நாலாங்கிளாஸ் படித்துக்கொண்டிருந்தேன். பேச்சுக்குச் சொல்வது எது, மெய்யாகச் சொல்வது எது என்று பிரித்துப் பார்க்கிற வயசா அது? எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் ஓர் அத்தி மரம் நின்றது. அது பூத்தால் சித்தப்பா வருவார், பூக்காவிட்டால் வரமாட்டார். எனக்கு விஷயம் இவ்வளவுதான்.

சித்தப்பா வராமல் எனக்கு ஒரு காரியம் கெட்டுக் கிடந்தது. போன தடவை வந்தபோது வாடகைக்கு ஒரு குட்டிச் சைக்கிள் எடுத்து, பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, எனக்கு ஓட்டப் பழக்கினார். பெடல் காலுக்குப் பிடிபடுகிற நேரத்தில் ரயிலுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார். அப்பா வேட்டியோடு ஓட மாட்டார். அம்மாவிடம் கேட்டால், பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குச் சைக்கிள் என்று ஆரம்பித்துவிடுவாள். இதற்கிடையில் என் வகுப்பில் படிக்கிற எதிர்வீட்டுக்காரி நன்றாகவே ஓட்டப் பழகி, எங்கள் வாசலுக்கு வரும்போது மட்டும் குறி வைத்தாற்போல மணி அடித்துவிட்டுப் போவாள். எனக்கு வயிறு எரியும். சும்மா சொல்லவில்லை, சோறே இறங்காது.

ஆகவே மரத்தைக் காவல் காக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு பார்வை, வந்ததும் ஒரு பார்வை. அந்த மரம் என்னைக் கேலி செய்வதுபோல அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தள்ளியது. பச்சைக் காய், சிவந்த பழம், தரையெல்லாம் நசுங்கிய பழம். ஆனால் பூ? மருந்துக்குக்கூட ஒன்று கிடையாது. பூக்காமல் எப்படிக் காய்க்கும்? ஒருவேளை நான் வகுப்பில் இருக்கிற நேரம் பார்த்துப் பூக்கிறதோ என்று வயிற்றுவலி என்று சொல்லி ஒருநாள் மட்டம் போட்டேன். அம்மா கொடுத்த கசாயத்தைக் குடித்ததும் கட்டெறும்பிடம் கடி வாங்கியதும்தான் மிச்சம்.

அந்த வாரக் கடைசியில் சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. மதுரையில் ஹாஸ்டலில் தங்கித் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். அழுக்குத் துணி மூட்டையோடு வந்தவள், மரத்தடியில் அண்ணாந்து நிற்கும் என்னைப் பார்த்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தி, "அவரு வராட்டி உனக்கென்னடி அம்புட்டுக் கவலை?" என்றாள்.

"சைக்கிள் பழகணும்."

"ஓ, சைக்கிளா" என்று தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டாள். அத்திக்குப் பூ வெளியே வராது, காய்க்குள்ளேதான் பூக்கும் என்றாள். புளுகாதே என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, நான் பரீட்சையிலேயே எழுதியிருக்கிறேன் என்றாள். நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். சித்தி விறுவிறுவென்று வீட்டுக்குள் போய், பிளேடும் கைலென்சும் இருக்கிற தன் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

பச்சைக் காய் ஒன்றை இரண்டாகப் பிளந்தாள். உள்ளே சுவர் முழுக்க நூல்நூலாக, இளஞ்சிவப்பில் என்னமோ மண்டிக் கிடந்தது. லென்சை வைத்துப் பார்த்தால், அத்தனையும் பூ! மினுக்குகிற இதழ் கிடையாது, வாசனை கிடையாது. ஆனாலும் ஒவ்வொன்றும் முழுசான ஒரு பூ. "ஆத்தாடி!" என்று கத்தியது நானில்லை, சித்திதான். இது காயே இல்லையடி, நூற்றுக்கணக்கான பூவை உள்ளே போட்டு வாயைச் சுருக்கிக் கட்டிய பை என்றாள். நுனியில் ஒரு சின்னத் துளை. கொசுவைவிடச் சின்ன ஒரு குளவி அது வழியாக, இறக்கை ஒடிந்தாலும் பரவாயில்லை என்று முட்டி மோதி நுழையுமாம். அதன் உடம்பில் ஒட்டியிருக்கிற மகரந்தத்தால்தான் உள்ளே இருக்கிற பெண்பூ விதை பிடிக்குமாம். அங்கேயே முட்டையும் இடுமாம். வாய்ப்பக்கம் இருக்கிற ஆண்பூக்கள் விரிகிற சமயத்தில் குஞ்சுக் குளவிகள் அந்தத் தூளைச் சுமந்துகொண்டு வேறு காய் தேடிப் பறந்துவிடுமாம்.

அதையும் பார்த்துவிடுவோம் என்று சிவக்கத் தொடங்கிய ஒன்றைப் பிளந்தாள். குபுக்கென்று பொடிப்பொடியாக வெளியே கிளம்பியதில் ஒன்று சித்தியின் மூக்குக்குள் போய்விட்டது. இருவரும் போட்ட கூச்சலில், பாம்போ என்று அம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மரம் ஏமாற்றவில்லை! இத்தனை நாளும் ஓசைப்படாமல் பூத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அப்படியென்றால் சித்தப்பா வராமல் இருப்பதற்கு இனி ஒரு சாக்கும் கிடையாது. யாராவது அவரிடம் போய்ச் சொன்னால் போதும்.

திங்கட்கிழமை காலையில் சித்தியை ரயிலேற்ற அப்பாவோடு நானும் போனேன். அப்பா டிக்கெட் வாங்கப் போன நேரம் பார்த்து, "சித்தப்பாவைப் பாத்தா, அத்தி பூத்திருச்சுன்னு சொல்லு சித்தி" என்றேன்.

"நான் எங்கடி அவரப் பாக்கப் போறேன், அம்புட்டுப் பெரிய ஊர்ல?" என்று வெடுக்கென்று விழுந்தாள். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. வண்டி நகர்ந்ததும் அவளே ஜன்னலில் முகத்தை வைத்து, "ஏய், என்னன்னு சொல்லணும்? பூத்திருச்சுன்னா, பூத்துக்கிட்டே இருக்குன்னா?" என்று கத்தினாள்.

"ரெண்டையும் சொல்லு!" என்று நானும் கத்தினேன்.

சனிக்கிழமை சித்தப்பா வந்துவிட்டார்! பின்னாலேயே கொஞ்சம் இடைவெளி விட்டு சித்தியும் வந்தாள். "நான் வேற பெட்டியில வந்தேன்" என்றாள், யாரும் கேட்காமலேயே. அம்மா வழக்கமான பாட்டைத் தொடங்குமுன், "அத்தி பூத்திருச்சாமே மதினி" என்று சித்தப்பா முந்திக்கொண்டார். யார் சொன்னது என்றாள் அம்மா. நான்தான் சித்தியிடம் சொல்லிவிட்டேன் என்று குதித்தேன். அம்மா தங்கையைப் பார்த்தாள். போன வாரம்தான் துவைத்துக் கொண்டுபோன துணியையே சித்தி மறுபடி நனைத்துக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளே போய் உலையில் இன்னொரு படி அரிசியைப் போட்டாள்.

சாயங்காலம் சைக்கிள் வந்தது. வாய்க்கால் கரை நெடுகச் சித்தப்பா, "புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன், நீ முன்னால பாரு" என்று மூச்சிரைக்க ஓடிவந்தார். அத்தி மரத்தடியில் சித்தி லென்சும் கையுமாக நின்றாள். அவளைத் தாண்டியதும் பின்னால் அவள் குரல் கேட்டது.

"புடிச்சிருக்கா?"

"ம். ரொம்பப் புடிச்சிருக்கு" என்றார் சித்தப்பா.

பிறகு எனக்கென்ன பயம்? மிதித்தேன். மதகைத் தாண்டினேன். வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டினேன். வாய்க்கால் திரும்புகிற இடத்தில் எப்படித் திருப்புவது என்று கேட்கத் தலையைத் திருப்பினால், பின்னால் ஆளே இல்லை. எங்கோ தூரத்தில் அத்தி மரத்தடியில் ஒரே லென்சுக்கு மேலே இரண்டு தலைகள் குனிந்திருந்தன. ஐயோ என்று அலறிக்கொண்டு சைக்கிளோடு வாய்க்கால் சேற்றில் விழுந்தேன். எழுந்த பிறகுதான் புரிந்தது, அவ்வளவு தூரமும் நானே ஓட்டி வந்திருக்கிறேன்! சேறு வழிய வழிய எதிர்வீட்டுக்காரிக்குக் கேட்கும்படி ஊளையிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சித்திக்கு என்மேல் எவ்வளவு பிரியம் பாரு, நான் விழுந்துவிடக் கூடாது என்று 'புடிச்சிருக்கா'ன்னு கேட்டாள். இந்தச் சித்தப்பாதான் கையை விட்டுவிட்டு 'ரொம்பப் புடிச்சிருக்கு'ன்னு வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டார் என்றேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, படுத்திருந்த அப்பாவை எழுப்ப உள்ளே ஓடினாள்.

அந்த மாதமே சித்தியைச் சித்தப்பாவுக்குக் கட்டிவைக்கப் பேசி முடித்தார்கள். இப்படி அநியாயமாகப் பொய் சொல்கிற ஆளுக்கு, தெரிந்தே எதற்காகப் பெண்ணைக் கொடுக்கிறார்கள் என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.