மேட்டு ஸ்டேஷனில் ரயில் ஏறிய விதம்

கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் இப்போது ரயிலில் போகிறவர்களுக்கு மேட்டு ஸ்டேஷனைத் தெரியாது. நகரம் முடிகிற இடத்தில் சாலைக்கு மேலே ஒரு ரயில் பாலம், அதை ஒட்டி உயரமான மண்கரை. அந்தக் கரையின் உச்சியில் ஒரு தகரக் கூரை, ஒரு சிமெண்ட் பெஞ்சு, கீழிருந்து ஏறிவரச் செங்குத்தான படிக்கட்டு. அவ்வளவுதான் ஸ்டேஷன். மீட்டர் கேஜ் காலத்தில் நான் அங்கே ஹால்ட் ஏஜென்ட், அதாவது கமிஷனுக்கு டிக்கெட் விற்கிறவன். ஊரார் ஸ்டேஷன் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

முதல் நாள் காலை வண்டி வந்து நின்றது. யாரும் ஏறவில்லை. கதவருகே இரண்டு குடும்பங்கள் நின்று, “நீங்க மொதல்ல ஏறுங்க”, “அட, நீங்க பெரியவங்க, நீங்க ஏறுங்க” என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தன. வழியனுப்ப வந்தவர்களோ படியேறி வந்த மூச்சு வாங்கி முடித்து, அப்போதுதான் நலம் விசாரிக்கவே ஆரம்பித்திருந்தார்கள். கார்டு பிச்சையா திருநெல்வேலிக்காரர். விசில் ஊதி ஊதி முகம் சிவந்து இறங்கி வந்தார்.

“இவிய ரயில் ஏறுதாவளா, கல்யாணப் பந்திக்குக் கூப்பிடுதாவளா? இப்படியே லேட்டாச்சுன்னா இந்த ஹால்ட்டே வேண்டாம்னு எழுதிக் குடுத்துருவேன், பாத்துக்கிடும்.”

வேலைக்கு வந்த அன்றே வேலை போகப் பார்த்தது. மறுநாள் முதல் வழியனுப்புகிறவர்கள் கீழேயே நின்றுகொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டேன். எல்லாரும் பணிவாகச் சரிங்க என்றார்கள். பணிவாகவே மேலேயும் வந்தார்கள். பாதிப் படியில் விட்டுப் போவது மரியாதையா என்று என்னையே கேட்டார்கள்.

படிக்கட்டடியில் டீக்கடை வைத்திருந்த ரஹீம் பாயிடம் புலம்பினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “மரியாதையக் கொறைங்கன்னு சொன்னா இந்த ஊர்ல ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. இன்னொருத்தருக்கும் சேத்துச் செய்யச் சொல்லுங்க.”

அடுத்த நாள் வண்டி நின்றதும் கைகூப்பிச் சொன்னேன்: “ஏனுங்க, நீங்க ஏறி உக்காந்தாத்தான் கார்டு போய் உக்கார முடியுமுங்க. பாவம், உங்களுக்காக நின்னுட்டே இருக்காருங்க.”

கூட்டம் பதறிப் போய்விட்டது. தங்களால் ஒரு மனிதர் நிற்பதா? அடித்துப் பிடித்து ஏறினார்கள். ஏறியவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவரிடம் மன்னிப்பும் கேட்டார்கள். பிச்சையா பச்சைக் கொடியை விரித்ததும் விரிக்காததுமாக என்னை முறைத்துக்கொண்டே போனார். ஆனால் வண்டி நேரத்துக்குக் கிளம்பியது. கொஞ்ச நாளில், நின்று நின்று கால் வலிக்கும் அந்த மனிதருக்கு இளநீர் வந்தது, மோர் வந்தது, காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய்கூட வந்தது. ஆரம்பத்தில் வேண்டாம் என்றவர் பிறகு வீட்டிலிருந்தே பை கொண்டுவந்தார்.

பின்னாளில், பாதையை அகலமாக்கும் பிராட் கேஜ் வேலைக்காக லைனை மூடினார்கள். புதுப் பாதையில் மேட்டு ஸ்டேஷன் கிடையாது என்று அதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். கடைசி நாள் வண்டி வந்து நின்றது. எல்லாரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. கொடி காட்டுவாரில்லை. பிச்சையா பிளாட்பாரத்தில் ஒவ்வொரு ஜன்னலாக நின்று பேசிக்கொண்டிருந்தார். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். கடைசியில் நானே போய், டிரைவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்றேன்.

“இருங்க தம்பி,” என்றார் அந்தத் திருநெல்வேலிக்காரர். “கீழ ரஹீம் பாய்கிட்ட இன்னும் சொல்லிக்கலீங்க.”

சொல்லிவிட்டு, செங்குத்தான படிகளில் இறங்கினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வண்டி காத்திருந்தது.

இன்று ரயில்வேயில் டைம்டேபிள் போடுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எங்கள் பக்கத்து ஸ்டேஷன்களில் வண்டி நிற்க ஒரு நிமிடம் மட்டும் போடாதீர்கள். ஏறி இறங்க அது போதும். சொல்லிக்கொள்ளப் போதாது.